கலிபோர்னியா கவுண்டிகளும் நிலம், எரிசக்தி, சூழல் குறித்த முடிவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு எண்ணெய்க் கிணறு எங்கே தோண்டப்படலாம், ஒரு சூரிய மின் பண்ணை எந்த நிலத்தில் அமையலாம், அதற்காக எத்தனை மரங்கள் வெட்டப்படலாம் என்பவற்றைக் கலிபோர்னியாவில் பெரும்பாலும் முதலில் முடிவு செய்வது மாநிலத் தலைநகரமன்று, கவுண்டி அரசாங்கமே. அந்த முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன, எங்கே தவறுகின்றன, யார் அவற்றைத் திருத்த முடியும் என்ற கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. எண்ணெய், காற்று, சூரிய ஒளி ஆகிய மூன்றும் ஒரே நிலப்பரப்பில் மோதிக்கொள்ளும் கெர்ன் கவுண்டியைப் பற்றியே மிகுதியாகப் பேசப்படுகிறது.

கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றதா?

பரப்பளவில் அப்படித் தோன்றலாம், அதிகாரத்தில் அப்படியன்று. மாவட்டத்தை நிர்வகிப்பவர் அரசால் நியமிக்கப்படும் ஆட்சியர். கவுண்டியை ஆள்வது மக்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் மேற்பார்வையாளர் குழு. கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளில், நகரமும் கவுண்டியும் ஒன்றாகவே உள்ள சான் பிரான்சிஸ்கோவைத் தவிர, மற்றவற்றில் இக்குழு ஐந்து உறுப்பினர்களைக் கொண்டது. சட்டம் இயற்றுவதும், வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும், நில அனுமதி குறித்த மேல்முறையீடுகளைக் கேட்டு முடிவு சொல்வதும் இந்த ஐவரே. ஆகவே மூன்று பேரின் வாக்கு ஒரு பள்ளத்தாக்கின் தோற்றத்தையே மாற்றிவிட முடியும்.

நிலத்தின் மீது கவுண்டிக்கு உள்ள அதிகாரம் எங்கிருந்து வருகிறது? எங்கே முடிகிறது?

மாநில அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு, மாநிலத்தின் பொதுச் சட்டங்களுக்கு முரண்படாத வரை, நகரங்களும் கவுண்டிகளும் தத்தம் எல்லைக்குள் பொது நலனுக்கான விதிகளை இயற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. இதன் அடிப்படையில் ஒவ்வொரு கவுண்டியும் நீண்டகால நோக்கில் ஒரு பொதுத் திட்டத்தை வகுத்து, அதற்கு இசைவாக எந்த நிலம் விவசாயத்துக்கு, எது குடியிருப்புக்கு, எது தொழிலுக்கு என்று மண்டல விதிகளை ஏற்படுத்துகிறது. அந்த மண்டலத்தில் இயல்பாக அனுமதிக்கப்படாத ஒன்றைச் செய்ய விரும்புவோர் நிபந்தனைகளுக்கு உட்பட்ட தனி அனுமதியைப் பெற வேண்டும்.

எல்லைகள் மூன்று. நகராட்சியாகப் பதிவு பெற்ற ஊர்களுக்குள் கவுண்டியின் மண்டல விதி செல்லாது. கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமான நிலத்திலும் செல்லாது. சான் பெர்னார்டினோ கவுண்டியில் பெரும்பகுதி நிலம் கூட்டாட்சி அரசின் கையில் இருப்பதால், அக்கவுண்டியின் முடிவுகள் மீதமுள்ள தனியார் நிலத்துக்கு மட்டுமே பொருந்துகின்றன. 2014இல் இயங்கத் தொடங்கிய இவான்பா சூரிய மின் நிலையம் அக்கவுண்டியின் பாலைவனத்தில்தான் நிற்கிறது, ஆனால் கூட்டாட்சி நிலத்தில் நிற்கிறது. மூன்றாவது எல்லை மாநிலச் சட்டம். மிகப் பெரிய சச்சரவுகள் பிறப்பது இங்கேதான்.

சூழல் தாக்க அறிக்கை என்றால் என்ன? அது ஒரு திட்டத்தை நிறுத்திவிடுமா?

1970இல் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரேகன் கையொப்பமிட்ட கலிபோர்னியா சூழல் தரச் சட்டத்தின்படி, குறிப்பிடத்தக்க தீங்கு விளையக்கூடும் என்றிருக்கும் எந்தத் திட்டத்துக்கும் அனுமதி அளிக்கும் முன்னர், அத்தீங்குகளையும், அவற்றைக் குறைக்கும் வழிகளையும், மாற்றுத் திட்டங்களையும் விவரிக்கும் அறிக்கையை அரசு அமைப்பு தயாரித்தாக வேண்டும். வரைவு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், அவர்கள் அனுப்பும் கருத்துகளுக்கு எழுத்தில் பதில் தரப்பட வேண்டும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. தீங்கு பெரிது என்று அறிக்கை ஒப்புக்கொண்டாலும் கவுண்டி அத்திட்டத்தை அனுமதிக்கலாம். செய்யக்கூடிய தணிப்பு நடவடிக்கைகள் அனைத்தையும் விதித்த பின்னரும் தீங்கு எஞ்சுமானால், அதைவிட நன்மை பெரிது என்று காரணங்களுடன் எழுதி வைத்துவிட்டு அனுமதிக்கச் சட்டம் இடம் தருகிறது. இச்சட்டம் தடைச் சட்டமன்று. முடிவெடுப்பவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும், எதைப் பறிகொடுக்கிறோம் என்பதை மக்களிடம் மறைக்கக்கூடாது என்பதே அதன் கட்டளை. கீழே விவரிக்கப்படும் எண்ணெய் வழக்கில் கெர்ன் கவுண்டி தோற்றது எண்ணெயை அனுமதித்ததற்காக அன்று, இந்தக் கட்டளையை முழுமையாக நிறைவேற்றாததற்காகவே.

கெர்ன் கவுண்டி ஏன் இவ்வளவு முக்கியம்?

சான் வாக்கின் பள்ளத்தாக்கின் தென்முனையில், 8,000 சதுர மைலுக்கு மேல் விரிந்து கிடக்கும் இந்தக் கவுண்டி, கலிபோர்னியாவில் எடுக்கப்படும் எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தருகிறது. 1899இல் கெர்ன் ஆற்று எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1910இல் டாஃப்ட் அருகே பீறிட்ட லேக்வியூ கிணறு ஏறத்தாழ 18 மாதங்கள் அடங்காமல் பாய்ந்து, சுமார் 90 லட்சம் பீப்பாய் எண்ணெயை வெளியே கொட்டியது.

அதே கவுண்டியின் டெஹாச்சப்பி கணவாயில் நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று சுழல்கிறது. மொஹாவி பாலைவனப் பகுதியில் பெரும் சூரிய மின் நிலையங்களும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்கலக் கிடங்குகளும் எழுந்துள்ளன. பள்ளத்தாக்கின் தரையிலோ பாதாம், பிஸ்தா, திராட்சை, கேரட் விளைகின்றன. எண்ணெய் இறைக்கும் பொறி தலையாட்டிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து சில அடிகளில் பழத்தோட்டம் தொடங்குவதை அங்கே சாதாரணமாகக் காணலாம். நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அடியிலுள்ள கனிமம் வேறொருவருக்கும் சொந்தமாக இருப்பதும் அங்கே பரவலானது. இந்த இரட்டை உரிமையை மனத்தில் கொள்ளாமல் கெர்ன் வழக்குகளைப் புரிந்துகொள்ள முடியாது. அவ்வழக்குகளில் சூழல் அமைப்புகளோடு சேர்ந்து நின்ற முதன்மை வாதி ஒரு விவசாய நிறுவனம்.

2015ஆம் ஆண்டு எண்ணெய் அனுமதி விதி என்ன செய்தது?

அதற்கு முன்னர் கெர்ன் கவுண்டியின் பெரும்பாலான மண்டலங்களில் எண்ணெய்க் கிணறு தோண்டக் கவுண்டியிடம் அனுமதி பெற வேண்டிய தேவையே இருக்கவில்லை, மாநிலத்தின் எண்ணெய், எரிவாயுப் பிரிவின் அனுமதி போதுமானதாக இருந்தது. 2015 நவம்பரில் மேற்பார்வையாளர் குழு ஒரு புதிய விதியை நிறைவேற்றியது. எதிர்காலத்தில் தோண்டப்படவிருந்த பல்லாயிரக்கணக்கான கிணறுகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு கிணற்றுக்கும் தனி ஆய்வு இல்லை. விண்ணப்பம் விதியின் பட்டியலில் உள்ள நிபந்தனைகளை நிறைவு செய்கிறதா என்று அலுவலர் சரிபார்ப்பார், செய்தால் அனுமதி கொடுத்தாக வேண்டும். மேற்பரப்பு உரிமையாளர் கையொப்பமிட்டால் அனுமதி விரைவில் கிடைக்கும். அவர் மறுத்தால் காத்திருப்பு நீளும், ஆனால் அவரது மறுப்பு மட்டும் அனுமதியைத் தடுத்துவிடாது.

கவுண்டியின் வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஒரு நூற்றாண்டாக உள்ளூர் மேற்பார்வையே இல்லாமல் நடந்த தொழிலுக்கு முதன்முறையாக இரைச்சல், தூசி, தூரம் ஆகியவற்றில் ஒரே சீரான நிபந்தனைகள் வந்தன. ஆயினும் ஒரு பள்ளத்தாக்கு முழுமைக்கும் பொருந்துமாறு எழுதப்படும் அறிக்கையில் ஒரு குறிப்பிட்ட வீட்டின் கிணற்று நீர் எங்கே தென்படும்? மொத்தமாகப் பார்ப்பதில் உள்ள ஆபத்து இதுவே என்று கருதுகிறேன். தீங்கு எப்போதும் ஓர் இடத்தில், சில மனிதர்களுக்கு நேர்வது. சராசரியில் அது கரைந்துவிடுகிறது.

நீதிமன்றம் எதைத் தவறு என்றது?

ஃபிரெஸ்னோவில் உள்ள ஐந்தாம் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அறிக்கையைப் பல காரணங்களுக்காகக் குறையுடையது எனத் தீர்ப்பளித்து, திருத்தப்படும் வரை அனுமதிகளை நிறுத்தியது. தண்ணீர்ப் பயன்பாட்டைக் குறைக்கும் நடவடிக்கைகள் தெளிவற்றவையாகவும் பிற்காலத்துக்குத் தள்ளிப்போடப்பட்டவையாகவும் இருந்தன. நுரையீரலின் ஆழம் வரை செல்லும் மிக நுண்ணிய தூசிக்கான தணிப்பு போதுமான அளவு விளக்கப்படவில்லை. இரைச்சலைப் பொறுத்தவரை, 65 டெசிபலைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்த அறிக்கை, அமைதியான ஓர் ஊரில் இரைச்சல் எவ்வளவு கூடுகிறது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. இரவில் நாய் குரைப்பதைத் தவிர வேறு ஓசை இல்லாத சிற்றூரில் வாழ்பவருக்கு அந்த வித்தியாசமே எல்லாம்.

விவசாய நிலம் குறித்த பகுதி தனியே பேசத்தக்கது. இழக்கப்படும் ஒவ்வொரு ஏக்கருக்கும் ஈடாக, வேறோர் ஏக்கர் விவசாயத்துக்கு மட்டுமே பயன்படும் என்று நிரந்தரப் பத்திரம் எழுதிக்கொள்வது கவுண்டி காட்டிய வழிகளுள் ஒன்று. அப்பத்திரம் புதிய நிலத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் நிலத்தைக் காக்கிறது, அவ்வளவே. எனவே அதைக் காட்டி இழப்பு அற்பமாகிவிட்டது என்று கூற முடியாது என நீதிமன்றம் சொன்னது. கவுண்டி இதை மறுமுனைக்கு இழுத்துச் சென்றது. 2021 மார்ச்சில் திருத்திய அறிக்கையோடு விதியை மீண்டும் நிறைவேற்றியபோது, அத்தகைய பத்திரத்தால் பயனில்லை என்று சொல்லி அந்த ஏற்பாட்டையே கைவிட்டது. அதே நீதிமன்றம் 2024 மார்ச்சில் இதையும் ஏற்கவில்லை. முழு ஈடாகாத ஒன்று, எதற்குமே ஈடாகாத ஒன்று ஆகிவிடாது. பகுதியளவு தணிப்பும் தணிப்பே என்பதால் அதைப் பரிசீலித்தாக வேண்டும் என்றது. வறிய சமூகங்களின் குடிநீருக்கு நேரும் பாதிப்பும், அருகருகே பல கிணறுகள் தோண்டப்படுவதால் ஏற்படும் புற்றுநோய் இடரும் அத்தீர்ப்பில் குறையாகச் சுட்டப்பட்டன.

இப்போது அங்கே கிணறு தோண்ட முடியுமா?

முடியும். மேற்பார்வையாளர் குழு 2025 ஜூனில் மூன்றாம் முறையாக விதியை நிறைவேற்றியது. சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்டு பெட்ரோல் விலை ஏறிவிடுமோ என்ற அச்சம் மாநில அரசியலில் மேலோங்கியிருந்த அவ்வாண்டு செப்டம்பரில், கெர்ன் கவுண்டியின் அறிக்கை போதுமானது என்று சட்டத்தாலேயே அறிவித்து, ஆண்டுக்கு 2,000 புதிய கிணறுகள் வரை வழிவிடும் மசோதாவில் ஆளுநர் கேவின் நியூசம் கையொப்பமிட்டார். பத்தாண்டு வழக்கு இவ்வாறு சட்டமன்றத்தில் முடிக்கப்பட்டது எனக்கு வருத்தம் தருகிறது. குறையைச் சரி செய்ததாக நீதிமன்றத்தை ஏற்கச் செய்வதும், குறை இல்லை என்று சட்டம் போடுவதும் ஒன்றல்ல.

இருப்பினும் வேறொரு மாநிலச் சட்டம் அங்கும் பொருந்தும். வீடு, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 3,200 அடிக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள், புதிய கிணறு தோண்டுவதை 2022ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எண்ணெய்த் தொழிலினர் அதைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுசெல்லக் கையொப்பங்கள் திரட்டியதால் அது நடைமுறைக்கு வராமல் நின்றது. 2024 ஜூனில் அவர்கள் அம்முயற்சியைக் கைவிட்ட பிறகே உயிர் பெற்றது.

ஒரு கவுண்டி எண்ணெய் எடுப்பதையே தடை செய்ய முடியுமா?

மான்டரே கவுண்டியின் வாக்காளர்கள் முயன்று பார்த்தனர். 2016 நவம்பரில், பாறையை நீர் அழுத்தத்தால் பிளக்கும் முறை, எண்ணெயோடு வரும் கழிவுநீரை மீண்டும் நிலத்தடியில் செலுத்துதல், புதிய கிணறு தோண்டுதல் ஆகிய மூன்றையும் தடுக்கும் தீர்மானத்துக்கு 56 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர். சான் ஆர்டோ வயலில் நீராவியைச் செலுத்திக் கனத்த எண்ணெயை எடுக்கும் நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. எண்ணெய் மீட்பை அதிகரிக்கும் முறைகளை அனுமதிக்கும் பொறுப்பை மாநிலச் சட்டம் மாநில அதிகாரியிடம் ஒப்படைத்திருக்க, அதே முறைகளை உள்ளூர் விதி தடை செய்ய முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பாறை பிளக்கும் முறைக்கான தடையை மட்டும் அவ்வழக்கு தொடவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 2024 செப்டம்பரில் கையொப்பமான சட்டம், உள்ளூர் அரசாங்கங்கள் தம் எல்லைக்குள் எண்ணெய், எரிவாயு நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தவோ தடை செய்யவோ வெளிப்படையாக அதிகாரம் அளித்தது. ஆகவே இன்று இக்கேள்விக்கு விடை: முடியும். நீதிமன்றம் மூடிய கதவைச் சட்டமன்றம் திறந்தது. கெர்னில் நடந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கவுண்டியின் அதிகாரம் மாநிலம் விட்டுக்கொடுக்கும் அளவே நீளும் என்பது தெரியும்.

சூரிய மின்சாரம் நல்லதுதானே? அதைக் கவுண்டிகள் ஏன் எதிர்க்கின்றன?

2045க்குள் மின் விற்பனை முழுவதும் கரியற்ற மூலங்களிலிருந்து வர வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் இலக்கு வைத்துள்ளது. அந்த இலக்கு தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கான நிலம் யாருடைய வாசலில் எடுக்கப்படுகிறது என்பது வேறு கேள்வி.

கெர்ன் கவுண்டியின் போரான் அருகே அராட்டினா சூரிய மின் திட்டத்துக்கு மேற்பார்வையாளர் குழு 2021இல் அனுமதி அளித்தது. சுமார் 3,500 ஜோஷுவா மரங்கள் அகற்றப்பட வேண்டும் என்பது தெரிந்தபோது அவ்வூர் மக்கள் கொதித்தனர். ஆண்டுக்கு ஓரிரு அங்குலமே வளர்ந்து நூற்றாண்டுக்கு மேல் வாழக்கூடிய மரம் அது. தரை கிளறப்பட்டால் பறக்கும் தூசியும் அவர்களது கவலை. அந்த மண்ணில் வாழும் பூஞ்சை வித்து பள்ளத்தாக்குக் காய்ச்சல் எனப்படும் நுரையீரல் நோயைத் தரக்கூடியது, கெர்ன் அந்நோய் மிகுந்த பகுதி. தூசி அவர்களுக்கு, மின்சாரம் தொலைவிலுள்ள நகரங்களுக்கு என்ற ஏற்பாட்டை அவர்கள் ஏற்க மறுத்ததில் நியாயம் உண்டு.

பணமும் ஒரு காரணம். எண்ணெய்க் கிணறுகள் சொத்து வரி தருகின்றன. சூரிய மின் கருவிகளைப் புதிதாக அமைப்பதால் கூடும் மதிப்பை மாநிலச் சட்டம் சொத்து வரி மதிப்பீட்டிலிருந்து விலக்கி வைத்திருப்பதால், பல நூறு ஏக்கரில் சூரிய மின் பலகைகள் எழுந்தாலும் பள்ளிக்கும் தீயணைப்புத் துறைக்கும் அதற்கேற்ற வருவாய் வருவதில்லை. இதைப் பற்றிக் கெர்ன் அதிகாரிகள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். இந்த விலக்கைச் சீர்படுத்தாமல் கிராமத்தாரைக் குறை சொல்வது முறையாகாது.

சான் பெர்னார்டினோ கவுண்டி 2019 பிப்ரவரியில் கிராமப்புறக் குடியிருப்பு மண்டலங்கள் பலவற்றில் பெரும் சூரிய, காற்று மின் திட்டங்களைத் தடை செய்தது.

விவசாய நிலத்தில் பலகைகள் வைப்பது சரியா?

எந்த நிலம் என்பதைப் பொறுத்தது. 1965ஆம் ஆண்டின் வில்லியம்சன் சட்டப்படி, குறைந்தது பத்தாண்டுகளுக்கு நிலத்தை விவசாயத்துக்கே வைத்திருப்பதாகக் கவுண்டியோடு ஒப்பந்தம் செய்யும் உழவர் குறைந்த வரி கட்டுகிறார். அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்து சூரிய மின்சாரத்துக்கு விடுவதா என்பதும் மேற்பார்வையாளர் குழுவின் முன் வரும் கேள்வியே. இன்னொரு பக்கம், 2014ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம், கடுமையாக உறிஞ்சப்பட்ட நீர்ப்படுகைகள் 2040க்குள் சமநிலைக்கு வர வேண்டும் என்கிறது. இதற்காகச் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் குறைந்தது 5 லட்சம் ஏக்கர் பாசனத்திலிருந்து விலக நேரும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். நீரில்லாமலும் உப்பேறியும் எப்படியும் தரிசாகப் போகும் நிலத்தில் பலகைகளை நிறுத்துவது, வளமான நிலத்தையோ கன்னிப் பாலைவனத்தையோ எடுப்பதைவிட மேலானது. ஆனால் அதே நிலத்தை நம்பிக் கூலி வேலை செய்தவருக்குப் பலகைகள் வேலை தருவதில்லை. அனுமதிப் பேச்சில் அவர் பெயர் அரிதாகவே எழுகிறது.

மின்கலக் கிடங்குகள் பாதுகாப்பானவையா?

2025 ஜனவரி 16 அன்று மான்டரே கவுண்டியின் மாஸ் லேண்டிங்கில் பெரும் மின்கலக் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர், கடலோர நெடுஞ்சாலை மூடப்பட்டது. அந்த மின்கலங்கள் பழைய கட்டடம் ஒன்றினுள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. இன்று பெரும்பாலும் திறந்தவெளியில் இடைவெளி விட்டுத் தனித்தனிப் பெட்டகங்களாக வைக்கப்படுகின்றன. பாதுகாப்பைப் பற்றிக் கவுண்டிக் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த அமைப்பு முறை பற்றியதே.

கவுண்டி மறுத்துவிட்டால் திட்டம் நின்றுவிடுமா?

இனி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. 2022இல் வந்த மாநிலச் சட்டம், 50 மெகாவாட் அல்லது அதற்கு மேற்பட்ட சூரிய, காற்று மின் திட்டங்களும் பெரிய மின்கலக் கிடங்குகளும், விரும்பினால் கவுண்டியைத் தாண்டி மாநில எரிசக்தி ஆணையத்திடமே அனுமதி கோரலாம் என்கிறது. விண்ணப்பம் முழுமையடைந்த பின் 270 நாட்களில் ஆய்வை முடிப்பதே நோக்கம். இவ்வழியில் முதலில் அனுமதி பெற்றது ஃபிரெஸ்னோ கவுண்டியின் டார்டன் திட்டம், 2025 ஜூனில்.

ஷாஸ்டா கவுண்டியில் இதே வழி கசப்பை விளைவித்தது. ஃபவுண்டன் காற்றாலைத் திட்டத்தை, விண்ணப்பங்களை முதலில் பரிசீலிக்கும் கவுண்டியின் திட்டக் குழுவும், 2021 அக்டோபரில் மேற்பார்வையாளர் குழுவும் நிராகரித்தன. பிட் ஆற்றுப் பழங்குடியினரும் எதிர்த்தனர். நிறுவனம் பின்னர் எரிசக்தி ஆணையத்தின் கதவைத் தட்டியது. ஊரே கூடி விவாதித்து மறுத்த ஒன்றை வேறொரு மேசையில் மீண்டும் தொடங்க வழி இருப்பது, உள்ளூர் விசாரணையின் மீதான நம்பிக்கையைத் தளர்த்துகிறது. அதே சமயம், ஒவ்வொரு கவுண்டியும் வேண்டாம் என்றால் 2045 இலக்கு எட்டப்படாது என்ற மாநிலத்தின் வாதத்தையும் புறந்தள்ள முடியாது. மாநிலம் எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தோடு, அந்த இடத்து மக்களை நேரில் கேட்கும் கடமையும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

அங்கே வசிக்கும் ஒருவர் எப்போது, எப்படிப் பேச வேண்டும்?

வரைவுச் சூழல் தாக்க அறிக்கை வெளியானதும் கருத்துச் சொல்லப் பொதுவாக 45 நாட்கள் கிடைக்கும். கருத்து எழுத்தில் இருப்பது நல்லது. “இத்திட்டம் வேண்டாம்” என்ற ஒரு வரியைவிட, “எங்கள் தெருவில் ஆறு வீடுகள் ஒரே கிணற்றை நம்பியுள்ளன, அதன் நீர்மட்டம் பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை” என்ற வரி பயன் மிகுந்தது, ஏனெனில் அதற்குக் கவுண்டி விடை எழுதியாக வேண்டும். குடியுரிமை இதற்குத் தேவையில்லை.

முடிவு எடுக்கப்படும் முன் யாரும் எழுப்பாத குறையைப் பின்னர் நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது. எனவே திட்டக் குழுவின் கூட்டத்திலோ மேற்பார்வையாளர் குழுவின் கூட்டத்திலோ அக்குறை பதிவாக வேண்டும். திட்டக் குழுவின் முடிவை எதிர்த்து மேற்பார்வையாளர் குழுவிடம் முறையிடும் கால அளவு கவுண்டிக்குக் கவுண்டி வேறுபடும், சில இடங்களில் அது சில நாட்களே. அனுமதி அளிக்கப்பட்டதை அறிவிக்கும் பத்திரத்தைக் கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் பதிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சூழல் தரச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்க வேண்டும். முப்பத்தோராம் நாளில் வரும் வழக்கு, அதன் வாதம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், தள்ளுபடியாகும்.